கழுதை தின்ற மேப்பு

"கழுத அந்த மேப்பத் திங்கும்போ, அதுக்க மொகம் கெழக்க இருந்துதா, மேக்க இருந்துதா?"

ஞானாபரணம் இப்படிக் கேட்டதும் ரசலையன் நாற்காலி நுனிக்கு வந்தான்.

கேட்டவர் லேசுப்பட்ட ஆள் அல்ல. நாகர்கோவிலில் ஒரு பெரிய வக்கீலிடம் இருபத்தைந்து வருஷமாகக் குமாஸ்தா வேலை பார்ப்பவர். எத்தனையோ பேரின் பொய்யைக் கோர்ட்டில் கண்ணால் கண்டவர். அதற்கும் மேலே, ரசலையன் கட்ட ஆசைப்படும் நேசபாயின் அப்பா. மாப்பிள்ளை பார்க்கத் திருவட்டாறு வரைக்கும் பஸ் ஏறி வந்து, வைத்த முறுக்கைத் தொடாமல், காப்பியையும் ஆறவிட்டு, ரசலையனின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கெழக்க ஐயா" என்றான் ரசலையன்.

"அது எப்பிடி ஒமக்கு ஞாபகம்?"

"காலத்த வெயிலு அதுக்க கண்ணுல அடிச்சுது. கண்ணச் சுருக்கிட்டேதான் தின்னுது."

ஞானாபரணம் தலையை ஆட்டவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. கூட வந்த கல்யாணத் தரகர் நேசையன் மட்டும், கழுதையைத் தானே கட்டி மேய்த்தவர் போல, "சுருக்காம பின்ன? அஸாம் வெயிலுல்லா!" என்றார்.

"வாற வியாழக்கெழம வாறேன். இந்தக் கதைய எனக்கு இன்னொருக்கக் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு ஞானாபரணம் படியிறங்கினார்.

அவர் தெருமுனை திரும்பியதும் அக்கா பூங்கனி அடுக்களையிலிருந்து வெளியே வந்தாள். அவள் கணவருக்கு மலையில் எஸ்டேட் வேலை. மாதத்துக்கு ஒரு முறைதான் வருவார். மற்ற நாளெல்லாம் தம்பியைக் கண்டிப்பதுதான் அவள் வேலை.

"ஏலே, எந்தக் கழுதலே? நீ பட்டாளத்துல பட்டன்லா தச்ச?"

உண்மை அதுதான். ஜப்பானோடு யுத்தம் நடந்த நாலு வருஷமும் ரசலையன் அஸாமில், ராணுவத் துணிகளைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கி ஒன்றில் தையற்காரனாக இருந்தான். ஜப்பான்காரனை அவன் கண்டதே இல்லை. கண்டதெல்லாம் பொத்தான். சட்டைப் பொத்தான், நிஜார்ப் பொத்தான், கோட்டுப் பொத்தான். குண்டுச் சத்தம் என்று அவன் கேட்டது ஒரே ஒரு நாள்தான். அதுவும் லாரியின் டயர் வெடித்தது.

ஊருக்குத் திரும்பித் தையல் கடை போட்டான். வேலை சுத்தம், கை நயம். ஆனால் பெண் கேட்டுப் போன மூன்று இடத்திலும், "பட்டாளத்துல என்ன செஞ்சான்?" என்ற கேள்விக்கு "பட்டன் தச்சான்" என்ற பதிலோடு பேச்சு முறிந்துபோயிற்று. பட்டன் தைக்கவா ரயிலேறி அஸாம் போனான் என்று ஒரு வீட்டில் சிரிக்கவும் சிரித்தார்கள்.

அந்த மூன்றும் போனதில் ரசலையனுக்குப் பெரிய வருத்தமில்லை. நேசபாய் விஷயம் அப்படி அல்ல. அவள் மிஷன் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேதக்கோவில் ஆர்மோனியத்துக்கு உறை தைக்க, திருவட்டாற்றிலேயே இருக்கும் தன் அத்தையோடு ஒருநாள் கடைக்கு வந்திருந்தாள். ரசலையன் பழக்கதோஷத்தில் டேப்பைப் பிடித்து ஆர்மோனியத்தைச் சுற்றி அளவெடுக்க, "இதுக்குக் கை வைக்க வேண்டாம், கழுத்து மட்டும் கொஞ்சம் எறக்கி வச்சாப் போரும்" என்று சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அன்றைக்கு விழுந்தவன்தான். கட்டினால் அவளைத்தான் கட்டுவது, இல்லையென்றால் ஆயுசு முழுக்க ஆர்மோனியத்துக்கு உறை தைத்துக்கொண்டு கிடப்பது என்று முடிவு செய்திருந்தான்.

அதனால்தான் ஞானாபரணம், "யுத்தத்துல நீரு என்ன செஞ்சீரு?" என்று கேட்டபோது, தொண்டை வரை வந்த பட்டனை விழுங்கிவிட்டான். வெளியே வந்தது கழுதை.

கழுதை எங்கிருந்து வந்தது என்றால், கட்டிலுக்கு அடியிலிருந்த தகரப் பெட்டியிலிருந்து வந்தது.

கிட்டங்கிக்குப் பக்கத்தில் அமெரிக்கப் பட்டாளம் முகாம் போட்டிருந்தது. அந்தச் சிப்பாய்களுக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்தால் சிகரெட் தருவார்கள். ரசலையன் சிகரெட் பிடிப்பதில்லை. ஆகவே அவர்கள் படித்துவிட்டுத் தூக்கிப் போடும் படக்கதைப் புத்தகங்களை வாங்கிக்கொள்வான். எல்லாம் பட்டாளத்தைப் பற்றிய நையாண்டி. நீள மூக்கும் படகு போல பூட்சும் உள்ள ஒரு சோம்பேறிச் சிப்பாய். அவனைக் கண்டாலே காதில் புகை கக்கும் ஒரு பானைவயிற்று சார்ஜண்ட். சிப்பாய் விழுந்தால் தலையைச் சுற்றி நட்சத்திரம். சார்ஜண்ட் கத்தினால் எழுத்தெல்லாம் பக்கத்தை விட்டு வெளியே துருத்தும். பத்தொன்பது புத்தகம் சேர்த்திருந்தான். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் முழுக்க அதில் படித்ததுதான் என்பதால், அது பெரும்பாலும் விழுகிற சத்தமும் உடைகிற சத்தமுமாக இருந்தது.

மேப்புக் கதை மூன்றாம் புத்தகத்தில் உள்ளது. சிப்பாய் தூங்கிக்கொண்டிருக்கும்போது கழுதை ஜெனரலின் வரைபடத்தைத் தின்றுவிடுகிறது. சிப்பாய்க்குத் தண்டனை, ஒரு மலையளவு உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும். ரசலையன் செய்த மாற்றம் ஒன்றே ஒன்றுதான். சிப்பாயை எழுப்பிவிட்டான். எழுந்தவன், ஜப்பான்காரன் கையில் மேப்பு சிக்கக் கூடாதே என்று, அதைத் துண்டு துண்டாகக் கிழித்துத் தன் கையாலேயே கழுதைக்கு ஊட்டினான். எழுந்தவன் பெயர் ரசலையன்.

"அந்த மனுஷன் வக்கீல் குமாஸ்தாலே! தோண்டித் துருவி எடுத்துருவாரு" என்றாள் பூங்கனி.

"எக்கா, கத நமக்கு மனப்பாடம். மாறாமச் சொன்னா தீந்து போச்சு."

வியாழக்கிழமை ஞானாபரணம் வந்தார். கதையை முதலிலிருந்து கேட்டார். பிறகு கடைசியிலிருந்து கேட்டார். பிறகு நடுவில் பிடித்து, "அப்பம் மழ பெஞ்சுதுன்னீரே?" என்று இல்லாத மழையைக் கொண்டுவந்தார்.

"மழ இல்ல ஐயா, வெயிலு. கழுத கண்ணச் சுருக்கிச்சே."

"செரி. கூட யாரு உண்டு?"

இந்தக் கேள்வியை ரசலையன் எதிர்பார்க்கவில்லை. தனியாக என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

"ஒரு பஞ்சாப்காரன் உண்டு. பல்பீர் சிங்."

"இப்பம் எங்க இருக்காரு? ஒரு கார்டு போட்டுக் கேப்போமா?"

"செத்துப் போயிட்டான்" என்றான் ரசலையன் அவசரமாக.

"எப்பிடி?"

ரசலையனின் மூளை தகரப் பெட்டிக்குள் பாய்ந்து ஏழாம் புத்தகத்தை எடுத்தது. "சமையல் செய்யும்போ மொளகுப் பொடின்னு நெனச்சு வெடிமருந்த அள்ளி சூப்புல போட்டுட்டான் ஐயா. அண்டாவோட கூரைக்க மேல போயிட்டான்."

நேசையன் "கர்த்தாவே!" என்று நெஞ்சில் கை வைத்தார். ஞானாபரணத்தின் உதட்டோரம் மட்டும் லேசாக அசைந்தது.

"செத்தது நல்லதாப் போச்சு" என்றார் அவர். "செத்தவன யாரும் கூப்பிட்டு விசாரிக்க முடியாதுல்லா."

குத்திக் காட்டுகிறார் என்று ரசலையனுக்குத் தோன்றியது.

"ஒடம்புல காயம் எதாவது உண்டுமா?"

ரசலையன் இடது ஆள்காட்டி விரலை நீட்டினான். தையல் மெஷின் ஊசி நகத்தோடு சேர்த்து இறங்கிய பழைய தழும்பு அதில் இருந்தது. "குண்டு இந்தால பாஞ்சு அந்தால போச்சு" என்றான்.

"பொடிக் குண்டாட்டு இருக்கே?"

"ஜப்பான்ல எல்லாமே பொடிசுதான் ஐயா. ஆளே இத்துணூண்டுதான் இருப்பான்."

ஞானாபரணம் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெடல் தந்திருப்பாங்களே?"

"தந்தாங்க."

"எடும், பாப்போம்."

"பெட்டிச் சாவி அக்காகிட்ட. அக்கா கோவிலுக்குப் போயிருக்கா."

சொல்லி வாய் மூடுவதற்குள் பூங்கனி காப்பித் தம்ளரோடு அறைக்குள் வந்து நின்றாள். ரசலையன் அக்காவைப் பார்த்தான். ஞானாபரணமும் அக்காவைப் பார்த்தார்.

"போயிட்டு வந்தாச்சு" என்றாள் பூங்கனி. "சாவிய அங்க வச்சு மறந்துட்டேன்."

கூடப் பிறந்தவள் என்றால் இப்படி அல்லவா இருக்க வேண்டும்!

அடுத்த வியாழனுக்குள் மெடல் வேண்டும். ரசலையன் தையற்காரன், துணிக்குப் பஞ்சமில்லை. யாரோ ஒரு அம்மாளின் பாவாடையில் மிஞ்சிய சிவப்புப் பட்டையும் நீலப் பட்டையும் சேர்த்து அருமையான ரிப்பன் தைத்தான். பதக்கத்துக்குத்தான் திண்டாட்டம். பட்டாளத்து நிஜாரிலிருந்த பெரிய பித்தளைப் பொத்தானை எடுத்துச் சுத்தியலால் தட்டிப் பரத்தி, புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கித் தொங்கவிட்டான். தூரத்தில் வைத்துப் பார்த்தால் அவனுக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

ஞானாபரணம் தூரத்தில் வைத்துப் பார்க்கவில்லை. மூக்குக் கண்ணாடிக்குக் கீழே வைத்துப் பார்த்தார்.

"நடுவுல நாலு ஓட்டை என்னது?"

ரசலையன் அதை மறந்தே போயிருந்தான். "குண்டு பாஞ்சது ஐயா. நெஞ்சுல குத்தியிருக்கும்போ."

"நாலும் ஒரே அளவு. ஒண்ணுக்கொண்ணு ஒரே தூரம்."

"ஜப்பான்காரன் குறி தப்பமாட்டான் ஐயா."

"ஒம்ம நெஞ்சுக்கு ஒண்ணும் ஆவலியா?"

"சட்டப் பையில வேதபுஸ்தகம் இருந்துது. ஆதியாகமத்துல ஏறி, சங்கீதம் வரைக்கும் வந்து, அங்கயே நின்னு போச்சு."

ஞானாபரணம் சட்டென்று தோளிலிருந்த நேரியலை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. கோபத்தில் ஒரு மனுஷன் இப்படியும் குலுங்குவாரா என்று ரசலையன் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தான். முகத்தைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தபோது அவர் கண் இரண்டும் சிவந்திருந்தன.

"தம்பி, வாற ஞாயித்துக்கெழம எங்க ஊருல ஆராதன முடிஞ்சு வாலிபர் சங்கக் கூட்டம் உண்டு. எல்லாருக்க முன்னாலயும் நின்னு இதச் சொல்லணும். எங்க வக்கீலையாவும் வருவாரு. அவரு நாலு கேள்வி கேப்பாரு. நாக்கு பொரளாம நின்னுட்டேருன்னா, அதுக்கடுத்த ஞாயிறே மொத ஓலை."

மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் மணமக்கள் பெயரை வாசிப்பதுதான் ஓலை. அதில் ஒரு ஓலை வாசித்துவிட்டால் பாதிக் கல்யாணம் முடிந்த மாதிரி. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வக்கீலைக் கடக்க வேண்டியிருந்தது.

சனிக்கிழமை கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு வந்து, கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் படித்துவிடுவோம் என்று ரசலையன் தகரப் பெட்டியை இழுத்தான். பெட்டி காற்றாக வந்தது. திறந்தால் ஒரு புத்தகம்கூட இல்லை.

"எக்கா! பெட்டியில இருந்த புஸ்தகம் எங்க?"

பூங்கனி சிரித்த முகத்தோடு வந்தாள். "அதுவா? அந்த மனுஷன் தெளிவு, அத்தாட்சின்னு உயிர எடுக்காருல்லா. எல்லாத்துலயும் பட்டாளத்துப் படம்தான போட்டிருக்கு? காலத்த தரகர் வந்தாரு. கட்டிக் குடுத்து விட்டுட்டேன், பெண்ணு வீட்டுல பாக்கட்டும்னு."

ரசலையன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"என்னலே? ஏன் இப்பிடி முழிக்க?"

"எக்கா, அந்தப் பிள்ள இங்கிலீஷ் டீச்சரு" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை போகாமல் இருந்துவிடலாமா என்று ஆயிரம் தடவை யோசித்தான். போகாவிட்டால் நேசபாய் நிச்சயமாக இல்லை. போனால் ஒருவேளை அவள் இன்னும் புத்தகத்தைத் திறக்காமல் இருக்கலாம். அந்த ஒருவேளையைப் பிடித்துக்கொண்டு, மெடலைச் சட்டையில் குத்திக்கொண்டு பஸ் ஏறினான்.

கோவிலை ஒட்டிய பள்ளிக்கூடத்தில் கூட்டம். இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள் பாயில். முன்வரிசை நாற்காலியில் உபதேசியார், அவருக்குப் பக்கத்தில் கறுப்புக் கோட்டோடு வக்கீல், அடுத்து ஞானாபரணம். உபதேசியார் ஜெபம் செய்து ரசலையனை அழைத்தார்.

"அன்னைக்குக் காலத்த..." என்று தொடங்கினான் ரசலையன்.

அப்போதுதான் நேசபாயைப் பார்த்தான். பெண்கள் பக்கத்தில் இரண்டாம் வரிசையில், தன் தாய் சத்தியபாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் பாட்டுப் புத்தகம் விரித்திருந்தது. பாட்டுப் புத்தகத்துக்குள்ளிருந்து ஒரு நீள மூக்கு எட்டிப் பார்த்தது. நேசபாய் சேலைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு, முதுகு குலுங்கக் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

கண்ணைத் துடைத்தபடி அவள் நிமிர்ந்தாள். ரசலையனை நேராகப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபமில்லை. அடுத்து என்ன சொல்லப் போகிறான் பார்ப்போம் என்ற ஆவல்தான் இருந்தது. அவள் மட்டும் கோபித்திருந்தால் ரசலையன் தைரியமாகப் பொய் சொல்லியிருப்பான். சிரிக்கிறவளிடம் எப்படிச் சொல்வது? அவளை அவனுக்கு அவ்வளவு பிடித்திருந்தது.

"கழுத மேப்பத் தின்னது உள்ளதுதான்" என்றான். "ஆனா அது புஸ்தகத்துல."

வக்கீல் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"நான் ஜப்பான்காரனப் பாத்ததே இல்ல. நாலு வருஷமும் பட்டன் தச்சேன். பல்பீர் சிங் சாவல்ல. அப்பிடி ஒரு ஆளே கெடையாது. இது குண்டு பட்ட விரலு இல்ல, ஊசி ஏறினது." மெடலைக் கழற்றி மேஜைமேல் வைத்தான். "இது என் நிஜாரு பட்டன். நாலு ஓட்டையும் நூல் கோக்கதுக்கு உள்ளது. நேசபாயைக் கெட்டணும்னு ஆசப்பட்டுப் பொய் சொல்லிட்டேன். கெட்டணும்னு ஆசப்பட்டது மட்டும் பொய்யில்ல."

பேச்சு முடிந்துவிட்டது என்று நினைத்த உபதேசியார், பழக்கத்தில் "ஆமென்" என்றார்.

வக்கீல் ஞானாபரணத்தின் பக்கம் திரும்பினார். "இதுக்கா வே, என்னைக் கூட்டிட்டு வந்தீரு?"

"மூணு வாரம், வக்கீலையா" என்றார் ஞானாபரணம். "மூணு வாரம் வீணாப் போச்சு." குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார். ரசலையனைக் கடக்கும்போது நின்று, அவன் முகத்தை ஒருமுறை பார்த்து, நல்ல சரக்கு கெட்டுப்போனதைப் பார்ப்பவர் போல உச்சுக் கொட்டிவிட்டு வெளியே போய்விட்டார். வக்கீலும் போனார். "அண்ணாச்சி, வேற ஒரு எடம் கையில இருக்கு, கேளும்!" என்று கத்திக்கொண்டே தரகர் நேசையனும் ஓடினார்.

கூட்டம் கலைந்தது. ரசலையன் வெளியே வந்து புன்னை மரத்தடியில் பஸ்ஸுக்காக நின்றான். மனசு கனத்துத்தான் கிடந்தது. ஆனாலும், மூன்று வாரத்துக்குப் பிறகு எந்தப் பொய்யையும் மனப்பாடம் செய்ய வேண்டாத முதல் நாள் அது. நாளைக்குக் கடை திறக்க வேண்டும், அந்த அம்மாளின் பாவாடையில் எடுத்த பட்டையைத் திரும்ப வைத்துத் தைக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டான்.

பின்னால் காலடிச் சத்தம் கேட்டது. நேசபாயின் தாய் சத்தியபாய் வந்துகொண்டிருந்தாள். கையில் பத்தொன்பது புத்தகங்களும் ஒரு கட்டாக இருந்தன. கொஞ்சம் தள்ளி, பள்ளிக்கூடத்து வாசலில், நேசபாய் தலை குனிந்து நின்றாள்.

ரசலையன் கை கூப்பினான். "மன்னிச்சிருங்கம்மா. நான் ஒங்க எல்லாரையும் ஏமாத்திட்டேன்."

சத்தியபாய் கட்டை அவன் கையில் வைத்தாள். கணவர் போன திசையை ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மக்கா, வக்கீலுக்க கேசுக்கெல்லாம் கூண்டுல ஏறிப் பொய்ச்சாட்சி சொல்ல வீட்டோட ஒரு ஆளு வேணும்னுதான் அந்த மனுஷன் மருமொவன் தேடினாரு, நீ அதுக்கு ஆவமாட்டன்னு இண்ணைக்கு ஊரறியத் தெரிஞ்சு போச்சுல்லா, இனி எனக்க பிள்ளைய உனக்குத் தைரியமாட்டுத் தருவேன்."